ஹெட்டரோடைன்: மாற்றான் வலியா, துணைவலியா?

கடல்களுக்கு அடியிலும் நகரங்களுக்கு நடுவிலும் ஓடுகிற ஒளியிழை வடங்களின் முனையில், வந்து சேரும் ஒளியை வாங்கி மின்குறியாக மாற்றிக் கொடுக்கும் கருவிக்கு இன்று வழங்கும் பெயர் 'இன்ட்ராடைன் ஏற்பி'. 2010-இல் ஓஐஎஃப் என்னும் தொழிற்கூட்டமைப்பு அவ்வகை ஏற்பிக்குப் பொது வரையறை வகுத்தபோது, ஆவணத்தின் தலைப்பிலேயே அச்சொல்லை வைத்தது. பெயரின் முன்பாதி இளையது. பின்னால் நிற்கும் 'டைன்' நூறாண்டைக் கடந்தது. கம்பியில்லாத் தந்தி புள்ளியும் கோடுமாக மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வார்த்தெடுத்த ஒரு பெயரின் எச்சம் அது. அந்தப் பெயர் ஹெட்டரோடைன். சொல்லின்பம் அறிந்தவர்கள் இதைச் சற்றுப் பொறுமையாக அவிழ்த்தால், உள்ளே கிரேக்கமும் இயற்பியலும் இருப்பதோடு, தமிழ் தன் போக்கில் முன்பே எண்ணி வைத்த ஒன்றும் கிடைக்கும்.

பெயரிட்டவர் ரெஜினால்டு ஃபெசன்டன். 1866-இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்து அமெரிக்காவில் உழைத்தவர். 1901-இல் விண்ணப்பித்து 1902-இல் அவர் பெற்ற காப்புரிமையின் கருத்து எளியது, அதனாலேயே அழகியது. அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு மின்காந்த அலைகள் ஏற்பியில் வந்து கூடட்டும். தனித்தனியே எந்தக் காதுக்கும் எட்டாத விரைவில் அதிரும் அவ்விரண்டும் கூடிய இடத்தில், அவற்றின் வேறுபாடு மட்டும் காதுக்கு எட்டும் ஒலியாகப் பிறக்கும். முதலில் இரண்டு அலைகளையும் அனுப்புநிலையமே அனுப்புவதாக இருந்தது. பிறகு, இரண்டாவது அலையை ஏற்பியின் பக்கத்திலேயே ஒரு சிறு அலையியற்றியால் பிறப்பித்துக்கொள்ளலாம் என்று கருத்து முதிர்ந்தது. இந்த இரண்டாம் அலையை நினைத்துத்தான் ஃபெசன்டன் கிரேக்கத்தின் 'ஹெத்தெரோஸ்', 'டுனமிஸ்' என்னும் இரு சொற்களை இணைத்தார்.

'ஹெத்தெரோஸ்' என்பதற்கு 'வேறு' என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அது போதாது. பலவற்றுள் இன்னொன்று என்பதற்குக் கிரேக்கர் 'அல்லோஸ்' என்னும் வேறு சொல்லை வைத்திருந்தார்கள். 'ஹெத்தெரோஸ்' என்றால் இரண்டே இரண்டு உள்ள இடத்தில் மற்றையது. ஒன்று தொலைவிலிருந்து வருகிற அலை, மற்றையது அருகில் பிறக்கிற அலை. மூன்றாவதற்கு அங்கே இடமில்லை. ஆகவே சொல் பொருத்தமாகவே விழுந்திருக்கிறது.

'டுனமிஸ்' இன்னும் பெரிய குடும்பக்காரி. திறன், ஆற்றல், வலி என்று தமிழில் எப்படி வேண்டுமானாலும் பெயர்க்கலாம். ஒரு கிராம் நிறைக்கு நொடிக்கு நொடி ஒரு சென்டிமீட்டர் விரைவு கூட்டும் விசைக்கு 'டைன்' என்று 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பெயர் வைத்ததும் இதன் அடியாகத்தான். மிதிவண்டி விளக்குக்கு மின்சாரம் தந்த டைனமோவும், ஆல்ஃபிரட் நோபெல் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டும் இதே வேரின் கிளைகள். ஆனால் ஒலியை நம்பி உறவு கொண்டாடிவிடக் கூடாது. நோவு தணிக்கும் மருந்தை ஆங்கிலத்தில் 'அனோடைன்' என்பார்கள். அதன் 'டைன்' வேறு குடிப்பிறப்பு. நோவு என்று பொருள்படும் 'ஒடுனே' என்னும் கிரேக்கச் சொல்லின் முன் இன்மை காட்டும் ஒட்டுச் சேர்ந்து 'நோவில்லாதது' ஆனது அது. கிரேக்கத்தில் டுனமிஸ் வேறு, ஒடுனே வேறு. ஆங்கிலத்துக்கு வந்ததும் இரண்டின் வாலும் ஒரே ஓசையாகிவிட்டன. நம் மொழியிலோ இரண்டுக்கும் ஒரே சொல் உண்டு: வலி. வில்லை வலித்தவனின் தோளில் இருப்பதும் வலி, வலித்து முடித்தபின் அதே தோளில் இருப்பதும் வலி. இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் அதனிடம் வேலை இருக்கிறது.

இனிப் பெயரை விட்டு அது குறிக்கும் நிகழ்ச்சிக்கு வருவோம். நொடிக்கு 256 முறை அதிரும் இசைக்கவை ஒன்றையும் 260 முறை அதிரும் மற்றொன்றையும் ஒருசேர ஒலிக்கச் செய்தால், கேட்கும் ஒலி நொடிக்கு 4 முறை ஓங்கித் தாழும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'விம்மல்'. இதை முதலில் எழுதிய பேனாவை வணங்கத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இதே நிகழ்ச்சிக்கு அடி, தட்டு என்னும் பொருளில் பெயர். அது தாளத்தை எண்ணுகிற சொல். விம்மல் அப்படி எண்ணவில்லை, ஒலியின் உடலைத் தொட்டுப் பார்க்கிறது. விம்முதல் என்றால் பருத்தல், பூரித்தல், நிறைந்து பொங்குதல். அழுகை நெஞ்சுக்குள் ஏறி ஏறி இறங்குவதும் விம்முதல். பழைய வழக்கில் முழவு ஒலிப்பதும் விம்முதல். பருமை, ஒலி, ஏற்றவிறக்கம் என்னும் மூன்றையும் ஒரு வினைச்சொல் ஒருங்கே தாங்குவதால், வீச்சு பெருகி ஒலி ஓங்குவதையும் வீச்சு சுருங்கி ஒலி தாழ்வதையும் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ஓசையும் துணை நிற்கிறது பாருங்கள்: 'வி' என்று உதடு திறந்த உடனே இரட்டித்த மகரம் வாயை மூடிவிட, ஒலி மூக்குக்குள் முரன்று, 'அல்' என்று வெளியேறுகிறது. திறந்து, அடைபட்டு, திறக்கும் அந்த ஒலிப்பே ஒரு விம்மல்தான்.

(வியப்பைக் குறிக்கும் 'விம்மித'த்தை இதன் உடன்பிறப்பென்று எண்ணிவிட வேண்டாம். அது வடமொழி 'விஸ்மித'த்தின் தமிழ் வடிவம். விம்மு நம் வீட்டு வினை.)

சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடிக் குமிழைத் திருகிய தலைமுறைக்கு இது கேட்டுப் பழகிய ஒலி. இரண்டு நிலையங்களின் ஊர்தியலைகள் நெருங்கிய இடத்தில் கீச்சென்று ஒரு சீழ்க்கை எழும். முள் நகர நகர அதன் சுருதி ஏறும் அல்லது இறங்கும். அந்தச் சீழ்க்கையை எந்த நிலையமும் அனுப்பவில்லை. இரு அலைகளின் வேறுபாடு, எண்ண முடியாத விரைவில் விம்மி விம்மி, ஒரு சுரமாகவே ஆகிவிட்ட நிலை அது.

பெயரின் வரலாற்றில் அடுத்த படி பாரிசில். முதல் உலகப்போரின் கடைசி ஆண்டான 1918-இல் அமெரிக்கப் படையின் குறிப்பணியில் அங்கிருந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங், உயர் அதிர்வெண் அலைகளை அன்றைய வெற்றிடக் குழாய்களால் நேரே பெருக்க முடியாத இடரைக் கண்டு, வரும் அலையை முதலில் ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கிவிட்டுப் பிறகு பெருக்கலாம் என்று துணிந்தார். பிரான்சின் லூசியன் லெவியும் ஜெர்மனியின் வால்டர் ஷாட்கியும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே எண்ணத்துக்கு வந்திருந்தார்கள். இந்தக் கருவிக்குச் 'சூப்பர்ஹெட்டரோடைன்' என்று பெயர். பலர் இந்தச் 'சூப்பரை'ச் சிறப்படையாக எண்ணிவிட்டார்கள். விளம்பரங்களும் அப்படியே எண்ண விட்டன. உண்மையில் அது 'சூப்பர்சோனிக் ஹெட்டரோடைன்' என்பதன் சுருக்கம். ஃபெசன்டனின் ஏற்பியில் இரு அலைகளின் வேறுபாடு காதுக்கு எட்டும் ஒலி. ஆம்ஸ்ட்ராங்கின் ஏற்பியில் அது காதுக்கு மேற்பட்டது. நடுவில் நின்ற 'ஒலி' என்னும் உறுப்பு உதிர்ந்துபோனதால், 'மேற்பட்டது' என்னும் முன்னொட்டுத் தனித்து நின்று 'மேன்மையானது' ஆகிவிட்டது. இடைத்தொகையால் பொருள் திரிந்த பெயருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நம் வீட்டு வானொலிப் பெட்டிகளுக்குள் 455 கிலோஹெர்ட்ஸ் என்று நிலைபெற்ற இடைநிலை அதிர்வெண் இதன் வழிவந்ததே. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் உள்ளே அது 455-க்கு இறங்கிய பிறகுதான் பேசியது.

அதற்குப்பின் 'டைன்' ஒரு குடிப்பெயராக மாறியது. தன் அலையைத் தானே பிறப்பிக்கும் ஏற்பி ஆட்டோடைன். வரும் அலையின் அதிர்வெண்ணிலேயே உள்ளலையையும் வைத்துக்கொண்டு வேறுபாட்டைச் சுழியாக்குவது ஹோமோடைன் என்று 1924-இல் கோல்புரூக் எழுதினார். 1947-இல் டக்கர் சின்க்ரோடைனைக் கொண்டுவந்தார். 1920களின் தொடக்கத்தில் ஹேசல்டைன் அமைத்த நியூட்ரோடைனில் இரண்டாம் அலையே கிடையாது, அலைகளின் கூடலும் கிடையாது. பெருக்கிகள் தாமே அலறத் தொடங்காமல் அடக்கி நடுநிலைப்படுத்தும் ஏற்பாடு மட்டும் உண்டு. ஆனாலும் வாலில் டைன்! ஆற்றல் என்னும் பொருள் முற்றிலும் தேய்ந்து, 'வானொலி ஏற்பி இனத்தைச் சேர்ந்தது' என்னும் அடையாளமாக மட்டும் அது நின்றுவிட்டது.

ஒலி உலகில் இப்படி வளர்ந்த பெயர் ஒளி உலகுக்குக் குடிபெயர்ந்த கதை தமிழ்க் காதுக்கு ஒரு தனி விருந்து. லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே நாக்கு நகரும் தொலைவுதான் ஒலிக்கும் ஒளிக்கும் உள்ள தொலைவு. இயற்கையில் அந்தத் தொலைவு சிறிதன்று. ஒளியிழைகளில் செல்லும் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி நொடிக்கு ஏறத்தாழ 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது, 193 டெராஹெர்ட்ஸ். எந்த மின்சுற்றாலும் அந்த அதிர்வைப் பின்தொடர முடியாது. ஒளி டையோடுக்கு ஒளியின் செறிவு மட்டுமே தெரியும். அதிர்வின் கட்டம் தெரியாது. ஆனால் செறிவு என்பது அலைவீச்சின் இருமடி. இரண்டு அலைகளைக் கூட்டி இருமடியாக்கினால் இரண்டின் பெருக்கம் தானே வந்து விழுகிறது. அந்தப் பெருக்கத்துக்குள் அதிர்வெண்களின் கூட்டலும் வேறுபாடும் இருக்கின்றன. கூட்டல், டையோடு உணரும் எல்லைக்கு அப்பால் மறைந்துவிட, வேறுபாடு மட்டும் மின்னோட்டமாகத் துடிக்கிறது. அதாவது ஒளியும் விம்மும். 1955-இல், லேசர் பிறப்பதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, ஃபாரஸ்டரும் குட்மண்ட்சனும் ஜான்சனும் பாதரச விளக்கின் நிறமாலைக் கோடு ஒன்றைக் காந்தப்புலத்தால் பிளந்து, பிளவுண்ட கூறுகளுக்கு இடையே எழும் விம்மலை ஒளிமின் விளைவின் வழியே கண்டுகாட்டினார்கள். அவ்வளவு குழம்பிய ஒளியிலிருந்து அவ்வளவு மெல்லிய துடிப்பைப் பிரித்தெடுத்த அவர்களுடைய பொறுமைக்கு இயற்பியல் வரலாற்றில் இன்னும் பெரிய இடம் தரலாம்.

லேசர் வந்த பிறகு, 1980களில், ஒளியிழைத் தொடர்புக்கு இம்முறையே வழி என்று ஆய்வகங்கள் நம்பின. ஜப்பானின் ஓகோஷியும் கிகுச்சியும் 1988-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே எர்பியம் சேர்த்த இழைப்பெருக்கி வந்துவிட்டது. இழைக்குள்ளேயே ஒளியை ஒளியாகப் பெருக்க முடிந்தபோது, நுட்பமான இரண்டாம் லேசரோடு யாரும் மல்லாட விரும்பவில்லை. சொல்லும் ஏட்டுக்குள் உறங்கிற்று. இணையத்தின் பசி பெருகி, ஒளியின் செறிவை மட்டும் படித்தால் போதாது, கட்டத்தையும் தளவிளைவையும் படித்தாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகே, 2008 வாக்கில் நொடிக்கு 40 கிகாபிட் ஏற்பிகளாகவும், அடுத்த சில ஆண்டுகளில் 100 கிகாபிட் ஏற்பிகளாகவும் அது விழித்தெழுந்தது.

விழித்தபோது அதன் பெயர் இன்ட்ராடைன் ஆகியிருந்தது. 1992-இல் ஜெர்மனியின் எஃப். டெர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் இச்சொல்லைக் காண்கிறோம். 'இன்ட்ரா' இலத்தீன், 'டைன்' கிரேக்கம். தூயவர்கள் முகம் சுளிக்கும் கலப்புமணம்தான். ஆனால் பொருள் கூர்மையானது. ஹெட்டரோடைனில் வேறுபாட்டு அதிர்வெண், செய்தி பரவியிருக்கும் பட்டையை விடப் பெரியது. ஹோமோடைனில் அது சுழி. இன்ட்ராடைனில் அது சுழியும் அன்று, பெரிதும் அன்று, செய்திப் பட்டைக்கு உள்ளேயே ஒடுங்கி நிற்பது. அனுப்பும் லேசரும் ஏற்பியின் லேசரும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளாமல், ஒரே அதிர்வெண்ணைக் குறிபார்த்துத் தத்தம் போக்கில் எரிகின்றன. இடையே 1 கிகாஹெர்ட்ஸ் பிசகு இருக்கலாம். 193 டெராஹெர்ட்சில் அது ஏறக்குறைய 2 லட்சத்தில் ஒரு பங்கே. எனினும் நொடிக்கு 3,000 கோடிக் குறிகள் வரும் இடத்தில் அந்தச் சிறுபிசகு குறிகளின் கட்டத்தை ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியை நிறுத்தும் வேலையை இன்று எண்கணக்கே செய்கிறது. நான்கு கட்டங்களில், 90 பாகை இடைவெளியில் அமைந்த குறிகளை நான்மடியாக்கினால், நான்கும் ஒரே திசைக்கு வந்து விடுகின்றன. செய்தி அழிந்து, எஞ்சுவது பிசகின் நான்கு மடங்கு மட்டும். அதை அளந்து, நான்கால் வகுத்து, வந்த குறிகளிலிருந்து கழித்துவிட்டால் சுழற்சி நின்றுவிடுகிறது.

பிசகு லேசரால் மட்டும் வருவதில்லை. நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் விரையும் செயற்கைக்கோளிலிருந்து வரும் ஒளியின் அதிர்வெண், அது நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும், 1550 நானோமீட்டரில் ஏறத்தாழ 5 கிகாஹெர்ட்ஸ் வரை நகரும். 2008-இல் ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸ் கோளும் அமெரிக்காவின் என்ஃபயர் கோளும் லேசர் ஒளியால் நொடிக்கு 5 கிகாபிட்டுக்கு மேல் பேசிக்கொண்டபோது, ஹோமோடைன் ஏற்பியின் உள்ளொளி இந்த நகர்வைத் தொடர்ந்து ஓடியபடியே இருந்தது. இதனைத் தமிழில் டாப்ளர் பெயர்ச்சி என்கிறோம். குருவும் சனியும் பெயர்வதைக் குறிக்கும் அதே சொல்! ஏற்பிக்குள் அதிர்வெண்ணை வேண்டுமென்றே இறக்குவதை 'அதிர்வெண் பெயர்ப்பு' என்று சொல்லலாம். வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியர் மரபியலில் வைத்த காலத்திலிருந்து, பொருள் கெடாமல் இடம் மாற்றுவதற்கு நம் வினை 'பெயர்'தான். (ஒருவரை அழைக்கும் பெயரும் இடம்விட்டுப் பெயர்தலும் ஓசையில் ஒன்று, ஆனால் முன்னதற்குக் கன்னடத்தில் 'ஹெசரு' என்று சகரம் நிற்பதைப் பார்த்தால், இரண்டையும் ஒரே வேரில் கட்டத் துணிவு வரவில்லை.) ஈழத்துப் பாடநூல்களோ அதிர்வெண்ணை 'மீடிறன்' என்கின்றன. மீள் என்பதோடு திறன் புணர்ந்து மீடிறன்; மீண்டும் மீண்டும் நிகழும் திறன். ஃபெசன்டனின் டுனமிஸ் யாரும் அழைக்காமலே அங்கே வந்து அமர்ந்திருக்கிறது.

இப்போது வலிக்குத் திரும்புவோம். ஹெட்டரோடைனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மற்றையதன் வலி'. திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தைத் தொடங்கும்போதே வலிமையை நான்காகப் பகுத்து, மாற்றான் வலியையும் துணைவலியையும் வேறுவேறாக வைத்தார். எதிரே நிற்பவனும் 'மற்றையவன்'தான், தோள் கொடுப்பவனும் 'மற்றையவன்'தான். கிரேக்கத்தின் 'ஹெத்தெரோஸ்' இருவரையும் பிரித்துக் காட்டாது. ஏற்பிக்குள் நடப்பது எது? இரு அலைகளின் பெருக்கமே விம்மலாகிறது என்று கண்டோம். ஆகவே தொலைவிலிருந்து தேய்ந்து வந்த ஒளி எவ்வளவு மெலிந்திருந்தாலும், அருகில் எரியும் லேசரின் வலிமை அதனோடு பெருகி அதை உயர்த்திப் பிடிக்கிறது. பகையில்லை, போட்டியில்லை, மெலிந்தவனின் செய்தியை வலியவன் தன் தோளில் ஏற்றிக் காட்டுகிறான். அது துணைவலி. கிரேக்கச் சொல் சொல்லாமல் விட்ட பாதியைத் தமிழ் ஒரு தொகைச்சொல்லில் சொல்லிவிடுகிறது.

எனவே இக்குடும்பத்துக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது, பொருள் தேய்ந்த டைனின் பின்னால் ஓட வேண்டியதில்லை. நிகழ்வதைப் பார்த்து வைப்போம். ஏற்பிக்குள் எரியும் லேசர் ஒளி 'துணையொளி'. ஹெட்டரோடைன் ஏற்பி 'விம்மலேற்பி'. வேறுபாடே இல்லாத ஹோமோடைன் 'நிகரலையேற்பி'. இன்ட்ராடைன், விம்மல் செய்திக்கு உள்ளேயே அடங்குவதால், 'உள்விம்மலேற்பி'. 'அகவலை' என்றும் எண்ணிப் பார்க்கலாம்தான், ஆனால் காதில் அகவல் வந்து விழுந்து, ஆசிரியப்பாவின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒளியிழைத் தொடர்பைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், அதைத் தமிழில் எழுத முனையும் இளையவர்களும் இந்த நான்கையும் வகுப்பறையிலும் ஏட்டிலும் ஆண்டு பாருங்கள். இவற்றைவிட நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் அதை வையுங்கள். 'விம்மல்' ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.